டிராக்களுக்கும் இடம் வேண்டும்

விளையாட்டுப் பக்கத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குப் பழைய சாம்பியன்ஷிப் மோதல்களைப் பெட்டிச் செய்தியாகச் சுருக்கும் வேலை அடிக்கடி வரும். டென்னிஸ் என்றால் ஸ்கோரே பேசிவிடும். 1980 விம்பிள்டன் இறுதியில் நான்காவது செட் டைபிரேக்கை மெக்கன்ரோ 18-16 என்று பறித்தார், ஐந்தாவது செட்டை போர்க் 8-6 என்று வென்றார் என எழுதினால் போதும்.

செஸ் அப்படியல்ல. அப்போதைய உலக செஸ் சாம்பியன் கார்போவ், அவரை எதிர்த்து ஆடிய இளைஞர் காஸ்பரோவ் மோதலை எழுத உட்கார்ந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. 1984 செப்டம்பரில் மாஸ்கோவில் தொடங்கிய போட்டி அது. முதலில் ஆறு ஆட்டங்களை வெல்பவருக்குப் பட்டம். டிரா கணக்கில் சேராது. ஒன்பது ஆட்டம் முடிவதற்குள் கார்போவ் 4-0. அப்புறம் 10 முதல் 26 வரை பதினேழு ஆட்டமும் டிரா. இந்த இடத்தை எல்லோரும் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் போட்டியின் உயிர். இன்னும் இரண்டு தோற்றால் கதை முடிந்தது என்ற நிலையில், 21 வயது இளைஞர் உலக சாம்பியனை வாரக்கணக்கில் ஜெயிக்கவிடாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்! 27-வது ஆட்டத்தில் கார்போவ் 5-0 ஆனார். பாக்கி ஒன்றே ஒன்று. அது கடைசிவரை கிடைக்கவில்லை. காஸ்பரோவ் 32, 47, 48-வது ஆட்டங்களை வென்றார். 1985 பிப்ரவரியில் சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் தலைவர் கம்போமனெஸ் முடிவு இல்லாமலே போட்டியை நிறுத்தினார். 48 ஆட்டம், 40 டிரா. (ஆடவிட்டிருக்க வேண்டும் என்பதே என் கட்சி.) அதே ஆண்டு புதிதாக நடந்த 24 ஆட்டப் போட்டியில் காஸ்பரோவ் 13-11 என்று பட்டம் வென்றார்.

இடம் போதவில்லை என்று பக்கம் வடிவமைப்பவர் வந்து நின்றால், புதிதாகச் சேர்ந்தவர்கள் முதலில் வெட்டுவது டிராக்களைத்தான். வேண்டாம், பிறந்த ஊரை வெட்டு, விருதுகளை வெட்டு என்பேன். டிராவை எடுத்துவிட்டால், 1987-ல் ஸ்பெயினின் செவில் நகரில் இதே இருவரும் மோதிய உலக சாம்பியன்ஷிப் எப்படிப் புரியும்? 23-வது ஆட்டத்தில் தோற்று காஸ்பரோவ் பின்தங்கினார். கடைசி ஆட்டத்தில் கார்போவுக்கு ஒரு டிரா போதும். காஸ்பரோவ் வெள்ளைக் காய்களோடு பாய்ந்து தாக்கவில்லை. காய்களை மாற்றிக்கொள்ள இடம் கொடுக்காமல் மெதுவாக நெருக்கினார். ஆட்டம் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. 64-வது நகர்த்தலில் கார்போவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். 12-12. சமநிலை என்பதால் பட்டம் நடப்பு சாம்பியன் காஸ்பரோவிடமே இருந்தது.