பின்கட்டுப் பட்டறைக்குக் கரண்ட் இழுத்த அனுபவம்

சிங்கப்பூரில் தரைவீட்டில், அதாவது அடுக்குமாடி அல்லாத வீட்டில், இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டோடு ஒட்டாமல் பின்பக்கம் தனியாக நிற்கும் அறைக்கு மின்சாரம் கொண்டுபோவது, வீட்டுக்குள் இன்னொரு பிளக் பாயிண்ட் போடுவது போன்ற வேலை அல்ல. நடுவில் மண் இருக்கிறது, மழை இருக்கிறது. எதிர்காலத்தில் யாராவது மண்வெட்டியோடு வரவும் கூடும்.

எங்கள் வீடு சிலேத்தார் ஹில்ஸ் பக்கம் ஒரு பழைய செமி-டி, ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியிருக்கும் வீடு. அப்பா கப்பல் பட்டறை வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும் பின்னால் இருந்த ஸ்டோர் ரூமைத் தச்சுப் பட்டறை ஆக்கிக்கொண்டார். மேசை ரம்பம், கம்ப்ரஸர், தூசு உறிஞ்சும் மெஷின் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் கரண்ட், சமையலறை ஜன்னல் வழியாகப் போன ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில்தான். ரம்பம் கிளம்பும்போதெல்லாம் சமையலறை விளக்கு மங்கும்.

வேலையைத் தொடங்க வைத்தது சட்டம். 1985 ஜூலைக்கு முன் கட்டிய பல வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் கருவி) இருக்கவில்லை. எல்லா வீடுகளிலும் அது இருக்க வேண்டும் என்று 2023 ஜூலை 1 முதல் விதி வந்தது. இல்லாதவர்களுக்கு 2025 ஜூலை 1 வரை அவகாசம் கொடுத்திருந்தார்கள். எப்படியும் வீட்டுக்கு வரும் கரண்டைப் பிரித்தனுப்பும் டிபி பெட்டியைத் திறக்கப் போகிறோம், பட்டறைக்கும் அப்போதே முறையாக லைன் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம்.

முதலில் வந்த கான்ட்ராக்டர், சமையலறை பிளக்கிலிருந்தே வயர் எடுத்து, பிவிசி குழாயில் சுவரோரமாக ஓட்டிவிடலாம் என்றார். மலிவாகத்தான் சொன்னார். லைசென்ஸ் எந்த வகுப்பு என்று கேட்டதும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. இந்த வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும். அதில் எலெக்ட்ரிஷியன், டெக்னீஷியன், இன்ஜினியர் என்று மூன்று நிலைகள். 45 கேவிஏ (மின்சுமையின் அளவு) வரை எலெக்ட்ரிஷியன் உரிமமே போதும், சாதாரண வீடு அதற்குள் அடங்கிவிடும். உரிம அட்டையைக் காட்டச் சொல்லத் தயங்காதீர்கள். முறையாக வேலை செய்பவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்து வந்தவர் நம்ம ஊர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். பட்டறைக்குள் போனதும் அவர் சுவரைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு மெஷினாகக் குனிந்து தகட்டில் எழுதியிருந்ததைப் படித்தார். “அங்கிள், ரம்பமும் கம்ப்ரஸரும் ஒரே நேரத்துல ஓடுமா?” என்று அப்பாவிடம் கேட்டார். “ஓடும் தம்பி, ஏர்கானும் போட்டுக்கறேன்” என்றார் அப்பா. அந்தப் பதிலை வைத்துத்தான் எல்லாக் கணக்கும். 32 ஆம்ப் பிரேக்கர் (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) போதும் என்று முடிவானது. மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுப்பதால் பி வகை பிரேக்கர் வீணாக விழும், அதனால் சி வகை.

டிபியிலிருந்து பட்டறை வரை சுமார் 25 மீட்டர். 230 வோல்ட்டில் 30 ஆம்ப் ஓடினால், 4 சதுர மி.மீ. கேபிளில் ஏறத்தாழ 9 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 சதுர மி.மீ. போட்டால் 6 வோல்ட்டுக்குள் நிற்கும். சூடு தாங்குமா என்று மட்டும் பார்த்தால் சின்னக் கேபிளே போதும்தான். ஆனால் தூரம் கூடக் கூட வோல்டேஜ் இறக்கம்தான் கேபிளின் தடிமனைத் தீர்மானிக்கிறது. 6 சதுர மி.மீ. மூன்று கோர் ஆர்மர்டு கேபிள், அதாவது உள்ளே மூன்று கம்பிகளும் அவற்றைச் சுற்றி இரும்புக் கவசமும் உள்ள கேபிள், வாங்கினோம்.

எனக்கு முக்கியமாகப் பட்டது எர்த் விஷயம். பலர் இதைக் கேட்பதே இல்லை. நம் தரைவீடுகளில் எர்த் என்பது நம் நிலத்தில் நாமே அடித்திருக்கும் கம்பி. பழுதாகும்போது கரண்ட் அந்தக் கம்பி வழியாக மண்ணுக்குள் இறங்கித் திரும்ப வேண்டும். மண் நல்ல கடத்தி இல்லை. அந்தப் பாதையில் 10 ஓம் தடை இருந்தால் 230 வோல்ட்டுக்கு ஓடுவது 23 ஆம்ப்தான். 32 ஆம்ப் பிரேக்கர் அதைப் பழுது என்றே எடுத்துக்கொள்ளாது. ரம்பத்தின் இரும்பு உடலில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமா என்று பார்க்கும் ஆர்சிசிபிதான் அந்த இடத்தில் உயிரைக் காக்கிறது. எங்கள் மின்பணியாளர் பட்டறைக்கு வேறு கம்பி அடிக்காமல், வீட்டு எர்த்தையே கேபிளின் மூன்றாவது கோர் வழியாகக் கொண்டுபோனார்.

வீட்டுக்கான 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபிக்குக் கீழே பட்டறையைக் கோத்துவிட்டால் இன்னொரு சிக்கல். ஈரத்தில் ரம்பம் கொஞ்சம் கசிந்தாலும் வீடு முழுக்க இருண்டுவிடும், ஃப்ரிட்ஜ் உட்பட. அதனால் பட்டறை லைன், வீட்டு ஆர்சிசிபிக்கு முன்னாலேயே பிரிந்து போகிறது. டிபியில் அதற்கென்று 100 மில்லி ஆம்ப், சற்றுத் தாமதித்து விழும் எஸ் வகை ஆர்சிசிபி. மண்ணுக்குள் போகும் கேபிளுக்கு அது காவல். பட்டறைக்குள் சின்ன டிபியில் உடனே விழும் 30 மில்லி ஆம்ப். பட்டறையில் பழுது என்றால் பட்டறைதான் விழும். கொட்டேஷன் வாங்கும்போது இந்த ஒன்றை மட்டுமாவது கேளுங்கள்: பட்டறையில் ட்ரிப் ஆனால் வீட்டில் என்ன அணையும்?

தோண்டும் வேலைதான் இழுத்தது. அரை மீட்டர் ஆழம், பாதித் தூரம் கான்கிரீட். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்த இரண்டு தம்பிகள் வெயிலில் நின்று உடைத்தார்கள். அம்மா மோர் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் மெயின் கேபிள் எங்கே ஓடுகிறது என்று கருவி வைத்துப் பார்த்துக் குறித்த பிறகே மண்ணைத் தொட்டார்கள். அடியில் மணல், கேபிள், மேலே மீண்டும் மணல், அதற்கும் மேலே மஞ்சள் எச்சரிக்கை நாடா.

கேபிள் முனையில் கிளாண்ட், அதாவது கேபிளைப் பெட்டியோடு இறுக்கிப் பிடிக்கும் உலோக மூட்டு, மாட்டியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வெளி உறையை வளையமாக வெட்டிக் கழற்றினார். உள்ளே வரிசையாக இரும்புக் கம்பிகள். ஒவ்வொன்றையும் ஹேக்ஸா பிளேடால் பாதி ஆழம் அறுத்து, விரலால் முன்னும் பின்னும் ஆட்டி ஒடித்தார், உள்ளே இருக்கும் கோரில் கீறல் விழக்கூடாது என்பதற்காக. மிச்சக் கம்பிகளை கிளாண்டின் கூம்பு மேல் பரப்பி, நட்டை இறுக்கி, எர்த் வளையத்தையும் சேர்த்து முடுக்கினார். அந்த இரும்புக் கவசம் இரண்டு முனையிலும் இப்படி எர்த்தோடு சேர்ந்தால்தான் நாளைக்கு மண்வெட்டி பட்டாலும் ஆர்சிசிபி விழும்.

பழைய வீட்டுக்காரர்கள் நிறத்தையும் கவனிக்க வேண்டும். எங்கள் பழைய வயரிங்கில் சிவப்பு லைன் (கரண்ட் வரும் கம்பி), கறுப்பு நியூட்ரல் (கரண்ட் திரும்பும் கம்பி). 2009இல் மாறத் தொடங்கிய புது முறையில் பழுப்பு லைன், நீலம் நியூட்ரல். மூன்று லைன் கம்பிகள் வரும் மூன்று ஃபேஸ் வீட்டில் கறுப்பே ஒரு லைன். அன்றைய நியூட்ரல் நிறம் இன்றைக்கு உயிருள்ள கம்பி! இரண்டு முறையும் கலந்திருக்கிறது என்ற எச்சரிக்கை அட்டை எங்கள் டிபி கதவில் இருக்கிறது.

கரண்ட் கொடுப்பதற்கு முன் 500 வோல்ட் மெகர் என்ற சோதனைக் கருவியை வைத்து, கம்பி உறையில் கசிவு இருக்கிறதா என்று இன்சுலேஷன் சோதித்தார். எர்த் தடையையும், ஆர்சிசிபி எத்தனை மில்லி செகண்டில் விழுகிறது என்பதையும் அளந்து எழுதிக் கையெழுத்திட்டார். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வையுங்கள். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துவது இப்போது அப்பாவின் வேலை.

மூடுவதற்கு முன் பள்ளத்தைப் படமெடுத்து, மதில் சுவரிலிருந்து எத்தனை செண்டிமீட்டர் என்று அளந்து ஒரு வரைபடமும் போட்டேன். ஒரு பிரதி டிபிக்குள் இருக்கிறது. அடுத்த மாதம் கால்வாய் சரிசெய்ய ஆட்கள் வருகிறார்கள், இன்னொரு பிரதி அவர்களுக்கு.