கல் என்று நினைத்துத் தட்டினேன், தகரமாக ஒலித்தது

அமெரிக்காவின் தென் இல்லினாயில் ஒரு சிற்றூரின் கடைத்தெருவில், கீழே கடையும் மேலே கூடமுமாக இரண்டு தளங்கள் கொண்ட பழைய செங்கல் கட்டிடம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, மேல்தளத்தின் முகப்பு முழுவதும் பூக்களும் கொடிகளும் சிறு தூண்களுமாகக் கல்லில் செதுக்கியது போல இருந்தது. இவ்வளவு சிறிய ஊருக்கு இத்தனை கைதேர்ந்த சிற்பி எங்கிருந்து வந்தார் என்று எண்ணிக்கொண்டே உரிமையாளருடன் மாடிக்கு ஏறினேன். அவர் ஜன்னலைத் திறந்து, "கையை நீட்டித் தட்டிப் பாருங்கள்" என்றார். தட்டினேன். காலி டப்பாவைத் தட்டினால் வரும் சத்தம் வந்தது.

அது கல் அல்ல. துத்தநாகம் பூசிய மெல்லிய இரும்புத் தகடு. தகட்டை அச்சில் வைத்து அழுத்திப் பூவும் கொடியும் எழச் செய்து, மேலே கல்லின் நிறத்தில் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கீழே இறங்கி வந்து கடை வாசலின் ஓரத்தில் நிற்கும் வார்ப்பிரும்புத் தூணின் அடியில் குனிந்து பார்த்தால், பல அடுக்குப் பெயிண்டுக்குள் மங்கிய புடைப்பெழுத்துகளில் செய்த நிறுவனத்தின் பெயர் இருந்தது. செயின்ட் லூயிஸ் நகரில் பெர்னார்டு, ஃபிராங்க் என்ற சகோதரர்கள் 1879இல் தொடங்கிய மெஸ்கர் நிறுவனமும், அவர்களுடைய சகோதரர் ஜார்ஜ் இந்தியானாவின் எவன்ஸ்வில் நகரில் நடத்திய மற்றொரு நிறுவனமும் இத்தகைய முகப்புகளை விலைப்பட்டியல் புத்தகம் அச்சிட்டு நாடெங்கும் விற்றன. கடைக்காரர் தன் மனையின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து எழுதி அனுப்பினால், முகப்பு முழுவதும் பெட்டிகளில் அடுக்கப்பட்டு ரயிலில் வந்து சேரும். உள்ளூர்த் தச்சர் அதைச் சட்டத்தில் வைத்து ஆணி அடித்துவிடுவார். லில்லிப் பூ வடிவம் இருந்தால் செயின்ட் லூயிஸ் சரக்கு, மார்னிங் குளோரி மலர் இருந்தால் எவன்ஸ்வில் சரக்கு என்று இதில் பழகியவர்கள் தெருவின் எதிர்ப்புறத்தில் நின்றே சொல்லிவிடுவார்கள்.

அந்தத் தகரச் சத்தத்துக்குப் பிறகு கட்டிடத்தை நான் பார்த்த விதமே மாறிவிட்டது. 'எங்கள் ஊரின் அடையாளம்' என்று ஊர்க்காரர்கள் சொல்லும் அந்த முகப்பில் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால், பக்கச் சுவர்களின் செங்கல்லைத் தவிர உள்ளூர்ச் சரக்கு என்று சொல்ல அதிகம் மிஞ்சவில்லை. அதை ஒரு குறையாக நான் சொல்லவில்லை. சிற்றூரின் கடைத்தெரு தனக்குள்ளேயே முளைத்து வளர்ந்தது என்ற எண்ணம்தான் தவறு. ரயிலிலும் தபாலிலும் வெளியிலிருந்து வந்தவை எல்லாம் அந்த 25 அடி அகலத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன.

செங்கல் சுவர் எழுந்ததற்கே ஒரு வெளிக்காரணம் உண்டு. தொடக்கத்தில் இந்தக் கடைத்தெருக்கள் பெரும்பாலும் மரத்தால் கட்டப்பட்டவை. ஒரு கடையில் விளக்கு கவிழ்ந்தால் வரிசையே எரிந்துபோகும். மரத்துக்கு அதிகம், செங்கல்லுக்குக் குறைவு என்று கட்டணம் வைக்க, தீக்காப்பீட்டு நிறுவனங்கள் தொலைவிலிருந்தபடியே ஆபத்தை மதிப்பிட வேண்டியிருந்தது. அதற்காக டி. ஏ. சான்பார்ன் என்ற நில அளவையாளர் 1867இல் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம், காலப்போக்கில் ஏறத்தாழ 12,000 ஊர்களின் கட்டிடங்களைத் தெருத் தெருவாக அளந்து, ஓர் அங்குலத்துக்கு 50 அடி என்ற அளவில் வரைபடமாக்கியது. செங்கல் என்றால் இளஞ்சிவப்பு, மரம் என்றால் மஞ்சள், கல் என்றால் நீலம். சுவர் எவ்வளவு தடிமன், கூரை எதனால் ஆனது, அடுப்பு எங்கே இருக்கிறது, மளிகைக் கடையா துணிக்கடையா என்பதெல்லாம் அதில் குறிக்கப்பட்டிருக்கும். கட்டிடம் மாறினால் புதிய துண்டுக் காகிதத்தை வெட்டிப் பழையதன் மேல் ஒட்டிவிடுவார்கள்.

ஒரு வணிகக் கட்டிடத்தின் கதையைத் தேடுகிறவர்களுக்கு இந்த வரைபடங்களைவிட நேர்மையான சாட்சி இல்லை என்பது என் கருத்து. முகப்பின் உச்சியில் பொறித்த ஆண்டு தகரம் ஏறிய ஆண்டாக இருக்கலாம். பின்னாலுள்ள சுவர் அதற்கும் மூத்ததாக இருக்கலாம். கவுன்டி நீதிமன்றத்தில் உள்ள பத்திரப் பதிவுகள் யார் யாருக்கு விற்றார் என்பதைச் சொல்லும். ஆனால் அவை நிலத்தைப் பற்றியவை என்பதால், அதன் மேல் நின்ற கட்டிடத்தைப் பற்றி வாய் திறக்காமலே இருந்துவிடுவது உண்டு. அடுத்தடுத்த பதிப்புகளின் வரைபடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், மஞ்சள் கட்டம் எந்த இடைவெளியில் இளஞ்சிவப்பாக மாறியது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இவற்றில் பெரும் பகுதியை இணையத்தில் வைத்திருக்கிறது. ஒரு மாலையில் பார்த்து முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தவன், நள்ளிரவு வரை எழவில்லை.

மனை குறுகலாகவும் ஆழமாகவும் இருந்ததால் கடைக்குள் பகலிலேயே இருட்டு. இரு பக்கமும் அடுத்த கடைகளின் சுவர்கள். வெளிச்சம் முன்பக்கம் வழியாக மட்டுமே வர வேண்டும். இந்தக் கட்டிடத்தில் பின்னாளில் போட்ட பொய்க்கூரையைப் பிரித்தபோது, காட்சிக் கண்ணாடிக்கு மேலே நான்கு அங்குலச் சதுரக் கண்ணாடி வில்லைகள் பல வரிசைகளாக வெளிப்பட்டன. ஒவ்வொன்றின் உட்புறமும் மரம் அறுக்கும் ரம்பத்தின் பல் போல வரிவரியாக இருந்தது. மேலிருந்து விழும் வானத்து ஒளியை அந்தப் பற்கள் திருப்பிக் கடையின் பின்பகுதி வரை அனுப்பும். சிகாகோவின் லக்ஸ்ஃபர் நிறுவனம் 1890களின் பிற்பகுதியில் இத்தகைய வில்லைகளைப் பரப்பியது. அவற்றுக்கான அலங்கார வடிவங்களை வரைந்து 1897இல் காப்புரிமை பெற்றவர், அப்போது முப்பது வயதான ஃபிராங்க் லாயிட் ரைட். மின்விளக்கு வந்தபின் வில்லைகளுக்கு வேலை இல்லை. யாரோ அவற்றின் மேல் வெள்ளைப் பெயிண்டை அடித்து மூடியிருந்தார்கள்.

மேல்தளம் ஆட் ஃபெல்லோஸ் என்ற சகோதரத்துவச் சங்கத்தின் கூடமாக இருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த தாமஸ் வைல்டி 1819இல் பால்டிமோரில் இதன் அமெரிக்கக் கிளையைத் தொடங்கினார். உறுப்பினர் நோயில் விழுந்தால் உதவித்தொகை, இறந்தால் அடக்கச் செலவு, கைம்பெண்ணுக்கும் குழந்தைகளுக்கும் ஆதரவு என்று, அரசு செய்யாததைச் சந்தா திரட்டிச் செய்த அமைப்பு அது. கீழே கடைக்காரர், மேலே சங்கம் என்ற ஏற்பாடு அந்நாளில் மிகவும் சாதாரணமானது. சில ஊர்களில் மாடியைச் சங்கமே கட்டிச் சொந்தமாக வைத்துக்கொண்டது. கூடத்தின் சுவரில் மூன்று வளையங்கள் பின்னிய சங்கிலி இன்னும் தெரிகிறது. நட்பு, அன்பு, உண்மை என்பது அதன் பொருள். கதவில் கண் உயரத்தில் ஒரு சிறு துளை. உள்ளே நிற்பவர் அதன் வழியாகப் பார்த்து, அடையாளச் சொல்லைக் கேட்டபின்தான் திறப்பாராம். கீழே யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்று கதவை அகலத் திறந்து வைத்திருந்த கடைக்காரரே, மாலையில் மேலே வந்து இந்தத் துளையின் முன்னால் நின்றிருப்பார்.

முகப்பைக் கொண்டுவந்த அதே வழியில்தான் கடைக்குக் கேடும் வந்தது. மான்ட்கோமரி வார்டு நிறுவனம் 1872இலேயே விலைப்பட்டியல் வழியாகத் தபாலில் சரக்கு விற்கத் தொடங்கியிருந்தாலும், பண்ணை வீட்டுக்காரர் தபாலுக்காக ஊருக்குள் வந்தாக வேண்டியிருந்த வரை, வந்த காலோடு இந்தக் கடையிலும் ஏதாவது வாங்கிப் போனார். 1896இல் கிராமப்புற வீடுகளுக்கே கடிதம் கொண்டுபோகும் சேவை தொடங்கியது. 1913இல் பார்சலும் சேர்ந்தது. சிற்றூர் வணிகர்கள் பார்சல் தபாலைக் கடுமையாக எதிர்த்தார்கள், பலிக்கவில்லை. தன் கடையின் முகத்தையே விலைப்பட்டியல் பார்த்து வாங்கியவர், வாடிக்கையாளர் சட்டையை அப்படி வாங்கக் கூடாது என்று வாதிட்டதில் எனக்குச் சற்றுச் சிரிப்பும் கொஞ்சம் பரிவும் உண்டு.

பொருளாதார மந்தத்தில் மீண்டும் ஒரு முகம். 1934ஆம் ஆண்டின் தேசிய வீட்டுவசதிச் சட்டம், கட்டிடங்களைப் புதுப்பிக்க வங்கிகள் தரும் கடனுக்கு அரசின் காப்பை அளித்தது. கடைகளும் அதில் அடங்கின. மறு ஆண்டே ஒரு பெரிய கண்ணாடி நிறுவனம், கடைத்தெருவை நவீனமாக்க வாருங்கள் என்று கட்டிடக் கலைஞர்களுக்குப் போட்டி வைத்தது. விட்ரோலைட், கராரா என்ற பெயர்களில் விற்ற, ஒளி ஊடுருவாத வழவழப்பான வண்ணக் கண்ணாடிப் பலகைகள் அப்போது ஊர் ஊராகப் பரவின. இந்தக் கட்டிடத்திலும் காட்சிக் கண்ணாடிக்குக் கீழேயும் பெயர்ப்பலகை இடத்திலும் கருப்புக் கண்ணாடி ஏறியது. பிசினும் தாரும் போன்ற பசையால் சுவரோடு ஒட்டியது. பசை காய்ந்து இறுகினால் பலகை கழன்று விழும். 1950, 60களில் நெடுஞ்சாலை ஓரத்து அங்காடிகளுக்கு அஞ்சிப் பல கடைகள் முகப்பு முழுவதையும் அலுமினியத் தகட்டால் மூடிக்கொண்டன. பக்கத்துக் கட்டிடம் இன்றும் அப்படித்தான் நிற்கிறது. ஜன்னல்களே இல்லாத ஒரு பெட்டி.

1977இல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை கேல்ஸ்பர்க், மேடிசன், ஹாட் ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று ஊர்களில் கடைத்தெருக்களை மீட்கும் தன் மெயின் ஸ்ட்ரீட் திட்டத்தைச் சோதித்துப் பார்த்த பிறகு, அலுமினியத்தைப் பிரித்துப் பழைய முகத்தை மீட்பது பரவலாயிற்று. ஆனால் எந்தப் பழைய முகம்? வரலாற்றுக் கட்டிடங்களைப் புதுப்பிப்பவர்களுக்குக் கூட்டாட்சி அரசு தரும் 20 சதவீத வரிச்சலுகைக்கு உரிய விதிகளின்படி, பின்னாளில் வந்த மாற்றமும் தனக்கென வரலாற்று மதிப்புப் பெற்றிருந்தால் அதைக் காக்க வேண்டும். கருப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டு முந்தைய காலத்துக்குத் திரும்பலாமே என்று நான் முதலில் சொன்னேன். உரிமையாளர் ஒப்பவில்லை. தகரமும் வெளியிலிருந்து வந்ததுதானே என்றார். அவர் சொன்னது சரி.

கண்ணாடியில் ஒரு பலகை மட்டும் உடைந்து போயிருக்கிறது. அந்தச் சரக்கை இந்நாட்டில் இப்போது யாரும் செய்வதில்லை. அந்த இடத்தில் ஒட்டுப்பலகையை அளவாக வெட்டிக் கருப்பு எனாமல் பூசி வைத்திருக்கிறார். வெயில் சாயும் நேரத்தில் மற்ற பலகைகளில் எதிர்ப்பக்கத்துக் கடைகள் தெரிகின்றன. அந்த ஒன்றில் மட்டும் எதுவும் தெரிவதில்லை.