இந்த மாதம் கரு வைக்க வேண்டாம் என்றார் மருத்துவர்

ஐ.வி.எஃப். என்னும் சோதனைக்குழாய்க் கருத்தரிப்புச் சிகிச்சையின் கடைசி ஸ்கேனில் இரண்டு சினைப்பைகளிலும் சேர்த்து, முட்டை வளரும் நீர்ப்பைகளான ஃபாலிக்கிள்கள் 26 தெரிந்தபோது, "நிறைய இருந்தால் நல்லதுதானே" என்று உடன் வந்திருந்த அத்தை மகிழ்ந்தார். மருத்துவரோ, முட்டைகளை எடுத்து, உருவாகும் கருக்களை உறைய வைத்துவிடுவோம், இந்த மாதம் கருப்பையில் வைக்க வேண்டாம் என்றார். நாள் தவறாமல் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு காத்திருந்த எனக்குக் கைக்கு வந்ததைப் பறித்தது போல் இருந்தது. வீடு திரும்பும் வரை அழுதேன்.

மருத்துவர் அஞ்சியது சினைப்பை மிகைத் தூண்டல் என்னும் கோளாறை. அதற்கு, முட்டைகளை வளர்க்கும் ஊசிகள் களம் அமைத்தாலும், அதைக் கிளப்பிவிடுவது முட்டைகளை முதிரச் செய்வதற்காகப் போடும் ஹெச்.சி.ஜி. என்னும் கடைசி ஊசியே. அது பல நாள் உடலில் தங்கி, வீங்கிய சினைப்பைகளை வி.ஈ.ஜி.எஃப். என்னும் பொருளைச் சுரக்கச் செய்கிறது. அதனால் நுண்குழாய்கள் கசிந்து, இரத்தத்திலுள்ள நீர் வயிற்றுக்குள் இறங்க, எஞ்சிய இரத்தம் கெட்டிப்பட்டு உறைகட்டிகளும் உண்டாகக்கூடும். கருவுற்றாலோ உடலே ஹெச்.சி.ஜி.யைச் சுரப்பதால், தானாக அடங்க வேண்டிய கோளாறு நீண்டு முற்றும். கருவை உறைய வைப்பது அந்த வாசலை அடைப்பதற்குத்தான்.

எனக்குப் பி.சி.ஓ.எஸ். என்னும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உண்டு, முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ஹார்மோனின் அளவும் அதிகம் என்பதால், தொடக்கத்திலேயே மருந்தின் அளவைக் குறைத்து, முட்டைகள் முன்கூட்டியே வெளியேறாமல் இடையில் தடுப்பு மருந்து தரும் ஆன்டகனிஸ்ட் முறையைத் தேர்ந்திருந்தார்கள். அம்முறையில் ஹெச்.சி.ஜி.க்குப் பதிலாக லியூப்ரோலைடு ஊசியைப் போடலாம். அது மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து, முட்டையை முதிரச் செய்யும் நம்முடைய எல்.எச். ஹார்மோனையே பொங்கச் செய்கிறது, அந்தப் பொங்குதலும் விரைவில் அடங்கிவிடுகிறது. பழைய நீண்ட முறையில் அச்சுரப்பி முன்பே அடக்கப்பட்டிருப்பதால் இந்த வழி கிடைக்காது. எனவே கடைசி ஊசி எது என்ற கேள்வியை முதல் ஊசிக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். அந்த நீர்க்கசிவைக் குறைக்க 8 நாளுக்குக் காபெர்கோலின் 0.5 மி.கி. மாத்திரையும் தந்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் அந்தக் கோளாறு அரிதாக வரலாம் என்பதால், தினமும் காலையில் எடை பார்த்து, வயிற்றின் சுற்றளவைக் குறித்து வந்தேன். ஒரே நாளில் 1 கிலோ கூடினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ இரவென்றும் பாராமல் வரச் சொல்லியிருந்தார்கள். வயிறு சற்று உப்பி, ஆறாம் நாள் வடிந்தது.

பணம் கட்டியாயிற்று, இந்த மாதமே வையுங்கள் என்று மருத்துவரை வற்புறுத்திய ஒரு தம்பதியை அங்கே பார்த்தேன். அவர்களுடைய அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் தயவுசெய்து அப்படி வற்புறுத்தாதீர்கள். என் கருக்கள் உறைகலனில் பத்திரமாக இருக்கின்றன. அடுத்த மாதவிடாய்க்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறார்கள்.