சீடர் பாயின்ட்: உயரத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

சீடர் பாயின்ட் கேளிக்கைப் பூங்காவின் மில்லேனியம் ஃபோர்ஸ் ரோலர் கோஸ்டரில் ஏறிவிட்டேன்! 94 மீட்டர் உயரம், 80 டிகிரி சரிவு, மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம். பெரிய ராட்டினம் என்றாலே கீழே நின்று எல்லோருடைய பைகளையும் பிடித்துக்கொண்டிருப்பவள் நான், அது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். இறங்கி வந்த சூட்டோடு அக்கா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பவும் அதே வரிசையில் போய் நின்றேன். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்தப் பதிவு.

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலம், சாண்டஸ்கி என்ற சின்ன ஊர். அங்கே ஈரி ஏரிக்குள் விரல் மாதிரி நீண்டு கிடக்கும் நிலத்தில் இருக்கிறது சீடர் பாயின்ட். 1870-இல் ஏரிக்கரைக்குக் குளிக்க வருகிறவர்களுக்காக ஆரம்பித்த இடம். 1892-இல் இங்கே வைத்த முதல் கோஸ்டரின் உயரம் வெறும் 25 அடி. இன்று கார் நிறுத்துமிடத்துக்கு வரும் பாலத்தில் இருந்தே வானத்தை மறைத்துக்கொண்டு தண்டவாளம் தண்டவாளமாகத் தெரிகிறது. ரோலர் கோஸ்டர் பிரியர்களுக்கு இது புண்ணியத் தலம், அதில் எனக்கு இப்போது எந்தச் சந்தேகமும் இல்லை.

எப்படிப் போவது, எவ்வளவு ஆகும், எதில் முதலில் ஏறுவது என்று ஒழுங்காகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த டிரைவர் விஷயத்தைக் கொட்டாமல் மேலே போக முடியாது.

சிகாகோவில் அக்கா வீட்டில் இருந்து கிளம்பினோம். கார் வாடகை, பெட்ரோல், பார்க்கிங் எல்லாம் கூட்டிப் பார்த்தால் கட்டுப்படியாகவில்லை. இரவு ரயிலில் போனால் ஒரு ராத்திரி ஹோட்டல் செலவும் மிச்சம் என்று கணக்குப் போட்டோம். ரயில் விடிவதற்கு முன்பே சாண்டஸ்கியில் இறக்கிவிட்டுவிடுகிறது. சின்ன ஸ்டேஷன், இருட்டு, வெளியே ஒரு வண்டி கிடையாது. நல்லவேளை, முந்தின நாளே உள்ளூர் டிரைவர் ஒருவரிடம் 20 டாலர் என்று பேசி வைத்திருந்தோம். வந்தார், கொண்டுபோய் விட்டார், இறங்கும்போது 45 கேட்டார். விடியற்காலைக்குத் தனி ரேட்டாம். பெட்டிக்குத் தனியாம். எங்களிடம் இருந்ததே ஆளுக்கு ஒரு முதுகுப்பை! எனக்கு வந்த கோபத்துக்குத் தமிழிலேயே திட்டியிருப்பேன். அக்கா மகள் அலட்டிக்கொள்ளவே இல்லை. "சித்தி, நீங்க பேசாதீங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் 20 என்று எழுதி அனுப்பிய மெசேஜை எடுத்து அவர் முகத்துக்கு நேராகக் காட்டினாள். முணுமுணுத்துக்கொண்டே 20 வாங்கிக்கொண்டு போனார். ஆகவே யாரிடம் வண்டி பேசினாலும் தொகையை மெசேஜில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த 25 டாலர் எங்கள் மதியச் சாப்பாட்டுக் காசு.

சரி, பயத்துக்கு வருகிறேன்.

பயந்த ஆளுக்கு எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: சின்னதில் ஆரம்பி, உயரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. இந்த அறிவுரை பாதிதான் சரி என்பேன். உயரத்துக்கும் அடிவயிற்றுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. இதை எனக்குக் காட்டியது ப்ளூ ஸ்ட்ரீக்.

முதலில் ஏறியது அயர்ன் டிராகன், 1987-இல் வந்தது. தண்டவாளம் தலைக்கு மேலே, பெட்டிகள் கீழே தொங்கிக்கொண்டு, வளைவுகளில் பக்கவாட்டில் ஆடியபடி தண்ணீருக்கு மேலே போகும். அதில் ஒரு பயமும் வரவில்லை, காற்று வாங்கிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. அந்தத் தைரியத்தில் ப்ளூ ஸ்ட்ரீக் பக்கம் போனோம். 1964-இல் கட்டிய மரக் கோஸ்டர், 78 அடிதான், வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர்தான். சாண்டஸ்கி உயர்நிலைப் பள்ளி விளையாட்டு அணியின் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள், பார்க்கவும் சாதுவாக இருந்தது. முதல் மேட்டைத் தாண்டினதும் சீட்டை விட்டு எழும்பிவிட்டேன். அடுத்த மேட்டில் மறுபடியும். அதற்கு அடுத்ததிலும்! கடைசி வரை தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தது. இறங்கியபோது கால் நடுங்கியது, இந்தச் சின்னதே இப்படி என்றால் அந்தப் பெரியது எப்படி என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா மகள் மெக்கானிக்கல் படிக்கிறாள். வழியில் கிடந்த பெஞ்சில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, எனக்குப் பாடம் எடுத்தாள். வயிற்றைப் பிடுங்குவது உயரம் இல்லை, ஏர்டைம். மேட்டின் உச்சியை வண்டி வேகமாகக் கடக்கும்போது உடம்பு மேலேயே போகப் பார்க்கும், வண்டியோ தண்டவாளத்தோடு கீழே வளையும். அந்த நேரம் சீட் நம்மைத் தாங்குவதில்லை, உள்ளே இருக்கும் குடலும் கூடச் சேர்ந்து மிதக்கிறது. ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும்போது வருமே ஒரு குறுகுறுப்பு, அதையே நீட்டி வைத்தது போல. சின்ன மேடாக இருந்தாலும் வளைவு கூர்மையாக இருந்தால் அது பலமாக வரும். பெரிய கோஸ்டர்களில் மேடுகள் அகலமாக, நிதானமாக இருந்தால் அந்தப் பிடுங்கல் இதமாகக்கூட இருக்கும். "அதனால நீங்க கஷ்டமானதை முடிச்சிட்டீங்க சித்தி" என்றாள். என்னைத் தேற்றச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

அடுத்தது ஜெமினி. 1978-இல் வந்தது, மரச் சட்டத்தின் மேல் இரும்புத் தண்டவாளம். இரண்டு வண்டிகள் ஒன்றுக்கொன்று பந்தயம் ஓடும், பக்கத்து வண்டிக்காரர்கள் கையை நீட்டிக் கூச்சல் போட, நம்மை அறியாமல் நாமும் கத்துவோம். எதிரி வண்டியை முந்த வேண்டும் என்ற வெறியில் 125 அடி உயரம் மறந்தே போகிறது. பயந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதை விடாதீர்கள்.

வரிசையில் நிற்கும்போது அவள் சக்கரங்களைக் காட்டினாள். இது எனக்கு மந்திரம் மாதிரி வேலை செய்தது, எனவே நிதானமாகச் சொல்கிறேன். வண்டி தண்டவாளத்தின் மேல் சும்மா உட்கார்ந்து ஓடவில்லை. மேலே ஓடும் சக்கரம் ஒன்று, பக்கவாட்டில் அழுத்திக்கொண்டு ஒன்று, தண்டவாளத்துக்கு அடியில் ஒன்று என்று மூன்று பக்கமும் கவ்விப் பிடித்திருக்கிறது. அடியில் இருப்பதுதான் மேடுகளில் வண்டி எகிறிப் போகாமல் பிடிப்பது. ஜான் மில்லர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 1919-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார், அதற்குப் பிறகுதான் கோஸ்டர்கள் துணிந்து செங்குத்தாக இறங்க ஆரம்பித்தன. ஏற்றத்தில் "டக் டக் டக்" என்று ஒரு சத்தம் வரும், அதைக் கேட்டாலே எனக்குக் கை வியர்க்கும். மேலே இழுக்கும் சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாமல் பல்லில் மாட்டி நிறுத்தும் கொக்கியின் சத்தம் அது. நம்மைக் காப்பாற்றுகிற சத்தத்துக்கா இத்தனை நாள் பயந்தோம் என்று ஆகிவிட்டது. இன்னொன்று: தண்டவாளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு வண்டி மட்டுமே இருக்க விடுகிறார்கள். முன்னால் போனது நகரவில்லை என்றால் பின்னால் வருவது தானாக நின்றுவிடும். நடுவில் வண்டி நின்றால் அலறாதீர்கள், அந்தக் காவல் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

மேக்னம் எக்ஸ்எல்-200 பற்றி மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். 1989-இல் வந்தபோது, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் கோஸ்டர்களில் 200 அடியை முதலில் தாண்டியது இதுதான், 205 அடி. வரலாற்றுக்காக ஏற வேண்டும். ஏரியை ஒட்டியே ஓடுகிறது, ஏற்றத்தில் தண்ணீர் கண்ணுக்கு எட்டிய மட்டும் பரந்து கிடக்கிறது. ஆனால் திரும்பி வரும்போது மேடுகள் முக்கோணம் முக்கோணமாக இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் தொடை மடிமேல் இருக்கும் தடுப்புக் கம்பியில் இடித்துச் சிவந்துவிட்டது. ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, எனக்கு ஒருமுறை போதும்.

இப்போது மில்லேனியம் ஃபோர்ஸ். 2000-இல் வந்தது, 300 அடியைத் தாண்டிய முதல் முழுச்சுற்றுக் கோஸ்டர், 310 அடி, நீளம் 2 கிலோமீட்டர். வரிசையில்தான் என் உயிர் போனது. வெயில், முன்னால் வளைந்து வளைந்து கூட்டம், தலைக்கு மேலே சில நிமிடத்துக்கு ஒருமுறை கூச்சலோடு ஒரு வண்டி. காத்திருப்பில்தான் பயம் வளர்கிறது, ஏறின பிறகு அதற்கு நேரமே கிடையாது. அதிக விலை கொடுத்தால் வரிசையைத் தாண்டிப் போக விடும் கைப்பட்டை ஒன்று விற்கிறார்கள். நுழைவுச் சீட்டுக்கு மேல் அந்தச் செலவு எங்களுக்கு முடியாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். அந்த வரிசையில் மட்டும் பர்ஸைத் திறந்து பார்க்கத் தோன்றியது. அவள் என்னைப் பேச வைத்தாள், பழைய குடும்பக் கதைகளைக் கேட்டாள், அப்படியே நேரம் போனது.

உட்கார்ந்தோம், பெல்ட், மடிமேல் தடுப்புக் கம்பி, ஊழியர் இழுத்துப் பார்த்தார். கிளம்பின வேகத்தில் ஏற்றம்! இதில் சங்கிலி கிடையாது, கம்பிவடம் இழுக்கிறது, டக் டக் சத்தமே இல்லாமல் 45 டிகிரியில் விர்ரென்று தூக்குகிறது. அரை நிமிடம்கூட ஆகவில்லை, உச்சியில் இருக்கிறோம், ஏரி முழுதும் தெரிகிறது. "மூச்சை அடக்காதீங்க சித்தி, கத்துங்க!" என்றாள். கத்தினேன். விழுகிறோம் என்று புரிவதற்குள் அடியில் வளைந்து, அடுத்த வளைவில் பக்கவாட்டில் கவிழ்ந்து, சுரங்கம், மேடு, மறுபடி கவிழ்ப்பு. எங்கேயும் ஒரு குலுக்கல் இல்லை, ஒரு இடி இல்லை, வெண்ணெயாக ஓடியது. காற்று முகத்தை அறைந்து கண்ணில் நீர் வழிகிறது, நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்! ப்ளூ ஸ்ட்ரீக்கைவிட நான்கு மடங்கு உயரம், அதில் பட்ட கஷ்டத்தில் கால்வாசிகூட இதில் படவில்லை. இத்தனை வருடம் உயரத்தைப் பார்த்தே ஒதுங்கியிருந்த எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

அப்புறம் பசி. இங்கே உருளைக்கிழங்கை அங்கேயே வெட்டிப் பொரித்து, உப்புத் தூவி, வினிகர் ஊற்றித் தருகிறார்கள். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மாவாக, அந்தப் புளிப்பு நாக்கில் ஏறும்போது தக்காளி சாஸைக் கண்டுபிடித்தவர் மேலேயே மரியாதை போய்விடும். சைவம் சாப்பிடுகிறவர்கள் வேறு எதையும் தேட வேண்டாம். ஒன்றை இரண்டு பேர் தாராளமாகப் பகிர்ந்துகொள்ளலாம், காசும் மிச்சம். ஆனால் சாப்பிட்டுவிட்டு உடனே பெரியதில் ஏறாதீர்கள். நாங்கள் பழைய குதிரைப் பந்தய ராட்டினத்தில் ஏறி நேரம் கடத்தினோம், அதுவும் நல்ல வேகம்.

ஸ்டீல் வெஞ்சன்ஸ் இங்கே முதலிடம் என்று ரசிகர்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அது பயந்தவர்களுக்கு இல்லை. 1991-இல் மீன் ஸ்ட்ரீக் (Mean Streak) என்ற பெயரில் வந்த மரக் கோஸ்டரின் உடம்பில் இரும்புத் தண்டவாளம் போட்டு 2018-இல் திறந்தார்கள். 205 அடி, 90 டிகிரி இறக்கம், நான்கு முறை தலைகீழ், மொத்தமாக 27 விநாடிக்கு மேல் ஏர்டைம். அந்த 27 விநாடியைப் பற்றி முன்பே தெரிந்துகொண்டு, இப்போது வயிறு மிதக்கும், மிதக்கட்டும் என்று மனதைத் தயார் செய்துகொண்டு ஏறியதால்தான் தாங்கினேன். தெரியாமல் ஏறியிருந்தால் நிச்சயம் வெறுத்திருப்பேன். வேல்ராவ்னில் நான் ஏறவில்லை. 223 அடி உயரத்தில், செங்குத்தாக விழுவதற்கு முன் விளிம்பில் சில விநாடி நிறுத்திக் கீழே பார்க்க வைக்கிறார்கள். எனக்குப் பயம் காத்திருப்பில்தான் இருக்கிறது என்று தெரிந்துவிட்ட பிறகு அதில் ஏறத் தேவை இல்லை. அவள் தனியாகப் போய்விட்டு முகம் மலர வந்தாள். டாப் த்ரில் 2-இன் 420 அடிக் கோபுரங்களைக் கீழிருந்து பார்த்ததோடு சரி, அடுத்த முறை பார்க்கலாம்.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை வேண்டவே வேண்டாம், பள்ளிக்கூடம் நடக்கும் நாட்களில் வார நடுவில் போங்கள். கண்ணாடி, செல்போன், தொப்பி எதையும் சட்டைப்பையில்கூட வைத்துக்கொள்ளாமல் ஏறச் சொல்லும் கோஸ்டர்கள் இருக்கின்றன, லாக்கருக்கு என்று கொஞ்சம் காசு தனியாக எடுத்து வையுங்கள். இடி மின்னல் வந்தால் எல்லாம் நின்றுவிடும், எனவே மனதில் குறித்து வைத்ததை மாலைக்குத் தள்ளாதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்துகொண்டு போங்கள், மில்லேனியம் ஃபோர்ஸுக்குக் குறைந்தது 122 வேண்டும். பயம் இருந்தால் கடைசி வரிசை சீட்டைத் தவிருங்கள், முன்னால் இருக்கும் பெட்டிகள் இறங்கி அதை உச்சியில் இருந்து பிடுங்கி இழுக்கும். முதல் வரிசையில் எல்லாம் வெட்டவெளியாகத் தெரியும், அதுவும் ஆரம்பத்தில் வேண்டாம். நடுப் பெட்டி, பாதம் தரையில் அழுந்தியிருக்கட்டும், முதுகை நன்றாகச் சாய்த்துக்கொள்ளுங்கள், கண்ணை மூடாமல் அடுத்த வளைவு எங்கே என்று தேடுங்கள். கத்த வெட்கப்படாதீர்கள், உங்களைச் சுற்றி எல்லோரும் கத்திக்கொண்டுதான் இருப்பார்கள்.