அப்பாவின் பாதமும் ஏற்காட்டு மீன் தொட்டியும்

சென்ற மாதம் அப்பாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஏற்காட்டுக்குச் சென்றிருந்தேன். ஏரியைச் சுற்றி நடந்துவிட்டுத் திரும்பும் வழியில் 'மீன் ஸ்பா' என்ற பலகையைப் பார்த்தோம்; தொட்டிக்குள் காலை வைத்தால், பாதத்தின் காய்ந்த தோலை மீன்கள் கொறித்து எடுக்கும் இடம் அது. வகுப்பில் நாள் முழுவதும் நின்றே பாடம் நடத்துவதால் என் குதிகால்களில் பல ஆண்டுகளாகப் பித்தவெடிப்பு உண்டு; வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துத் தடவியும் அது முழுமையாக ஆறியதில்லை. ஆகவே, பதினைந்து நிமிடத்துக்குப் பணம் கட்டிவிட்டுத் தொட்டியின் விளிம்பில் அமர்ந்தேன்.

காலை வைத்த மாத்திரத்தில் விரல்நீள மீன்கள் திரண்டு வந்து மொய்த்தன. முதலில் தாங்க முடியாத கூச்சம். ஒரு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்த பிறகு, சோடாவின் குமிழிகள் தோலில் உடைவது போன்ற இதமான குறுகுறுப்பாக அது மாறியது. சிறுவயதில் மேட்டூரில் காவிரிப் படித்துறையில் உட்கார்ந்தால் குஞ்சு மீன்கள் இப்படித்தான் வந்து கொறிக்கும்.

இச்சிகிச்சைக்குரிய மீன் காரா ரூஃபா. துருக்கியின் கங்கல் வெந்நீர் ஊற்றுகளில், சுமார் 35 டிகிரி வெப்பமுள்ள நீரில், வேறு உணவு அதிகம் கிடைக்காததால் குளிப்பவர்களின் காய்ந்த தோலை அது சுரண்டித் தின்னப் பழகியது. சொரியாசிஸ் என்ற தோல் நோய் உள்ளவர்கள் அங்கே சென்று குளிப்பது வழக்கம். காரா ரூஃபாவின் தாடையில் பற்கள் கிடையாது. ஆனால் அதன் பெயரில் விற்கப்படும் சின்சின் என்ற மீனுக்கு வளர வளரப் பற்கள் முளைக்கும். அது கடித்தால் இரத்தம் வரும்.

நான் கண்மூடி இருந்த நேரத்தில், அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார வந்தார். எனக்குப் பதறிவிட்டது. அவருக்குப் பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பாதங்களில் உணர்வு குறைந்துவிட்டது. ஒருமுறை செருப்பின் ஆணி குத்தியதை மாலை வரை அவர் அறியவில்லை. அந்தப் புண் ஆற இரண்டு மாதங்கள் ஆயின. "வேண்டாம்ப்பா, நீங்க காலை வைக்காதீங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வருகிறவர்களிடம் சர்க்கரை நோய் உண்டா என்று விசாரிப்பீர்களா எனத் தொட்டியைப் பார்த்துக்கொண்ட தம்பியிடம் கேட்டேன். "அதெல்லாம் கேக்கறதில்லைங்க அக்கா. தண்ணிய தினமும் மாத்திடறோம், ஃபில்டரும் ஓடிக்கிட்டே இருக்குதுங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நகம் வெட்டும் கருவியைக் கொதிநீரில் போட்டுக் கிருமி நீக்கலாம், உயிருள்ள மீனை அவ்வாறு செய்ய இயலாது. ஒருவருடைய காலைக் கொறித்த அதே மீன்தான் அடுத்தவரிடம் செல்கிறது. அமெரிக்காவில் பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதைத் தடை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்போதுதான் என் வெடிப்புகளும் திறந்த புண்களே என்பது உறைத்தது. உடனே காலை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவினேன். மேல்தோல் மென்மையாகியிருந்தது உண்மை; வெடிப்பின் ஆழம் அப்படியேதான் இருந்தது.

கிளம்பும் முன், 'சர்க்கரை நோய் உள்ளவர்களும், காலில் புண் அல்லது வெடிப்பு உள்ளவர்களும் தொட்டியில் கால் வைக்க வேண்டாம்' என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். முதலாளியிடம் கேட்டுவிட்டு ஒட்டுவதாகச் சொல்லி, அந்தத் தம்பி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.