வளையலைப் பற்றி அவரிடம் மட்டும் சொன்னேன்

டேப்பென்டடால் என்ற வலி நிவாரணி மாத்திரைக்கு இரண்டு ஆண்டுகள் அடிமையாக இருந்த என்னை, வீட்டார் முதலில் ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள். அங்கே 45 நாட்களும் காலையில் அறிவுரை, மாலையில் அறிவுரை. என்னைத் தனியே உட்காரவைத்து ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே வந்த நான்காம் நாளே மாத்திரையைத் தேடிப் போய்விட்டேன்.

பிறகு மாமா, 14446 என்ற கட்டணமில்லா உதவி எண்ணில் விசாரித்து, ஓர் அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார். டேப்பென்டடாலை நிறுத்தியதால் வந்த உடல்வலியையும் ஓயாத கொட்டாவியையும் வயிற்றுப்போக்கையும் நாக்கின் அடியில் வைக்கும் புப்ரினார்பின் மாத்திரை தணித்தது. அது முழுவதும் கரையும்வரை நாள்தோறும் செவிலியர் முன்னிலையில் உட்கார்ந்திருப்பேன்.

அடுத்த அறையில் இருந்த ஆலோசகர், நான் சொல்வதை என் சம்மதம் இல்லாமல் அப்பாவிடம் சொல்லமாட்டேன் என்றும், என் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து நேரும் நிலையில் அந்த உறுதி பொருந்தாது என்றும், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தைச் சுட்டி முதல் நாளே விளக்கினார். நான் நம்பவில்லை. அம்மாவின் வளையலை விற்றது நான்தான் என்று வேண்டுமென்றே அவரிடம் சொல்லிவிட்டு, இரண்டு வாரம் அப்பாவின் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒரு பேச்சும் எழவில்லை.

"நிறுத்துவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பத்துக்கு எத்தனை?" என்று ஒருநாள் கேட்டார். மூன்று என்றேன். "ஏன் ஒன்று என்று சொல்லவில்லை?" என்றார். அதற்குப் பதில் தேடும்போதுதான், தங்கை என்னோடு பேசி ஆறு மாதம் ஆகிவிட்டதை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன்.

நான்காம் மாதச் சம்பள நாளன்று மீண்டும் மாத்திரை எடுத்துவிட்டேன். சிறுநீர்ப் பரிசோதனைக்கு முன்பே நானாகப் போய்ச் சொன்னேன். எத்தனை மணிக்கு, யாருடன், கையில் எவ்வளவு பணம் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்ட அவர், இடைவெளிக்குப் பின் உடலின் தாங்குதிறன் குறைந்திருப்பதால் பழைய அளவே உயிரைப் பறித்துவிடலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து என் சம்பளம் அம்மாவின் கணக்குக்குப் போனது.

அவரது கைப்பேசி எண்ணைக் கேட்டபோது தர மறுத்துவிட்டார். அன்று மனம் புண்பட்டது உண்மை. ஆனால் இரவில் தவிப்பு வந்தால் செய்ய வேண்டியவற்றை அவரோடு சேர்ந்து எழுதிய தாள் என் பையில் இருந்தது. எண் கிடைத்திருந்தால் அந்தத் தாளை நான் பிரித்தே பார்த்திருக்கமாட்டேன்.

ஓராண்டு முடியும் முன்பே அவருக்குப் பணியிட மாற்றம் வந்தது. புதிய ஆலோசகரின் முன்னே முதல் நாள் ஒன்றும் பேசாமல் இருந்தேன். மறுவாரம் வளையலில் இருந்து தொடங்கினேன்.