ஏட்டையா மகளும் சாம் வைம்ஸும்

மாயாஜாலக் கதைகளில் காவலர்களுக்கு ஒரே வேலைதான். மூன்றாம் அத்தியாயத்துப் பக்கம் எங்கிருந்தோ ஓடி வருவார்கள். நாயகன் மேல் ஒவ்வொருவராகப் பாய்வார்கள், ஒவ்வொருவராகச் செத்து விழுவார்கள். இந்த வேலை உனக்கு இஷ்டம்தானா என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் 1989-இல் எழுதிய 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' (Guards! Guards!) நாவலின் சமர்ப்பணம் இதைத்தான் சொல்கிறது. புத்தகத்தையே அந்த நல்ல மனிதர்களுக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறார்.

நான் மதுரையில் போலீஸ் லைன் வீட்டில் வளர்ந்தவள். அப்பா ஏட்டு. நம் சினிமாவில் ஏட்டு என்றால் எப்படி இருப்பார் என்று உங்களுக்கே தெரியும். பிதுங்கும் தொப்பை, நழுவும் தொப்பி, எல்லாம் முடிந்தபிறகு ஜீப்பில் வந்து இறங்குவது. தியேட்டரில் அந்தக் காட்சிக்கு எல்லாரும் சிரிக்கும்போது நானும் தம்பியும் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்போம். கல்லூரி நாட்களில் சென்னை லஸ் கார்னர் நடைபாதையில் பழைய புத்தகக் குவியலில் இந்த நாவலை எடுத்துப் பிரித்து, சமர்ப்பணப் பக்கத்தை நின்றபடியே படித்தேன். பேரம் பேசத் தோன்றவில்லை. கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிராட்செட்டின் இந்தக் கதைகள் நடக்கும் டிஸ்க்வேர்ல்ட் தட்டையான ஓர் உலகம். நான்கு யானைகள் அதைத் தாங்குகின்றன. யானைகள் ஒரு பிரம்மாண்டமான ஆமையின் முதுகில் நிற்கின்றன. ஆமை விண்வெளியில் நீந்திக்கொண்டே இருக்கிறது. ஆதிகூர்மத்தையும் திசை யானைகளையும் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் விளக்கம் கேட்க ஒன்றுமில்லை. 1983-இல் முதல் நாவல், 2015-இல் கடைசி நாவல், மொத்தம் 41. சூனியக்காரிகள், மந்திரவாதிகள், கடமை தவறாத மரணதேவன் என்று தனித்தனி வரிசைகள் உண்டு. எல்லாவற்றையும் படித்திருக்கிறேன், திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஆனால் என் வீடு ஆங்க்-மோர்போர்க் நகரத்துக் காவல் படைதான். அதன் தலைவன் சாம் வைம்ஸ்.

முதன்முதலில் நாம் அவனைப் பார்க்கும்போது மழையில், குடிபோதையில், சாக்கடையில் கிடக்கிறான். இரவுக் காவல் படை என்று பேர், மிஞ்சியிருப்பது இவனையும் சேர்த்து மூன்றே பேர். சக காவலர் ஒருவரை அப்போதுதான் புதைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். அந்த மூவரில் ஒருவர் சார்ஜென்ட் கோலன். அவருக்கு முப்பது வருட இல்லறம், மகிழ்ச்சியான இல்லறம். மனைவிக்குப் பகலில் வேலை, இவருக்கு இரவில். இருவரும் பேசிக்கொள்வது துண்டுச் சீட்டுகளில். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். எங்கள் அம்மாவுக்குச் சத்துணவுக் கூடத்தில் வேலை. அப்பா பாரா முடிந்து வருவதற்குள் அவர் கிளம்பியிருப்பார். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம்தான் எங்கள் வீட்டுத் தபால். "ரேஷன் கார்டு டிரங்குப் பெட்டியில்." "சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுருச்சு." எழுத்துக்கு மேலே பிள்ளையார் சுழி வேறு இருக்கும். இங்கிலாந்தில் இருக்கும் ஒருவருக்கு எங்கள் சமையலறை எப்படித் தெரிந்தது?

பிராட்செட் பதினேழு வயதில் உள்ளூர்ப் பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தவர். முதல் நாளே பிணத்தைப் பார்க்க வேண்டி வந்தது என்று சொல்லியிருக்கிறார். மரண விசாரணை, நீதிமன்றம், காவல் நிலையம் என்று அலைந்து பழகிய ஆள். அந்த அலைச்சல் வீண்போகவில்லை என்பது அவருடைய காவலர்களைப் பார்த்தால் தெரியும். ஆமை மேல் உலகம் நின்றாலும் அந்த உலகத்தில் காவலர்களுக்குச் சம்பளம் பற்றாது, மழையில் கால் நனையும்.

கால் என்றதும் அந்த பூட்ஸ் பகுதியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 'மென் அட் ஆர்ம்ஸ்' (1993) நாவலில் வருவது. வைம்ஸின் மாதச் சம்பளம் 38 டாலர், மேலே கொஞ்சம் படிகள். நல்ல தோல் பூட்ஸ் 50 டாலர், அது பத்து வருஷம் உழைக்கும். அவனால் வாங்க முடிந்தது 10 டாலர் பூட்ஸ். அது ஓரிரு பருவம் தாங்கும், பிறகு அதிலிருக்கும் அட்டை நைந்து தண்ணீர் புகும். பத்து வருஷத்தில் ஏழை நூறு டாலர் செலவழித்திருப்பான், அப்போதும் அவன் கால் ஈரமாகவே இருக்கும். பணக்காரன் பணக்காரனாக இருப்பது குறைவாகச் செலவழிப்பதால்தான் என்று வைம்ஸ் யோசிக்கிறான். பிரிட்டனில் இன்றும் வறுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பத்தியை எடுத்துப் பேசுகிறார்கள். 2022-இல் உணவு எழுத்தாளர் ஜாக் மன்ரோ மலிவான உணவுப் பொருட்களின் விலையேற்றத்தை அளக்க ஒரு விலைக் குறியீட்டெண் உருவாக்கப்போவதாக அறிவித்தபோது, பிராட்செட் தரப்பின் ஒப்புதலோடு அதற்கு வைம்ஸ் பூட்ஸ் என்றே பெயர் வைத்தார். எனக்கு அது ஜூன் மாத ஞாபகம். பள்ளி திறக்கும்போது எனக்கும் தம்பிக்கும் வாங்கும் ஷூ அரையாண்டுத் தேர்வுக்குள் வாய் பிளந்துவிடும். நல்லதாக ஒன்று வாங்கினால் தம்பிக்கும் கைமாற்றலாம் என்று அம்மா வருஷா வருஷம் சொல்வார். அந்த நல்லதற்கு ஒரே தடவையில் எடுத்து வைக்கப் பணம் எந்த ஜூனிலும் இருந்ததில்லை.

வைம்ஸ் பிறகு பெரும் செல்வந்தையான லேடி சிபிலைக் கட்டிக்கொள்கிறான். எந்த பூட்ஸும் வாங்கலாம். ஆனாலும் மெல்லிய அடிப்பாகம் உள்ளதையே விரும்புகிறான். ஏனென்றால் நகரத்துத் தெருக்களின் கல் அவன் பாதத்துக்குத் தெரிய வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று கால் சொல்லிவிடும். அப்பாவும் அப்படித்தான். ரோந்துக்கான பட்டா நோட்டில் கையெழுத்துப் போட்டபடி இரவெல்லாம் பீட் சுற்றியவர். மாசி வீதிகளில் எந்த முக்கில் சாக்கடை மூடி ஆடும், எந்த வீட்டுத் திண்ணையில் யார் படுத்திருப்பார் என்று படுத்துக்கொண்டே சொல்வார்.

நீண்ட தொடர்கள் மேல் ஒரு குறை சொல்வார்கள், இழுக்கிறது என்று. எனக்கு அந்த நீளம்தான் வேண்டும். 1989-லிருந்து 2011 வரை, எட்டு நாவல்களில் வைம்ஸ் மாறுகிறான். குடியை விடுகிறான், ஆனால் ஆசை போவதில்லை, கடைசி வரை அதோடுதான் மல்லுக்கட்டுகிறான். குள்ளர்களையும் பூதங்களையும் படையில் சேர்ப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை, சேர்த்த பிறகு அவர்களுக்காக ஊரையே எதிர்க்கிறான். கமாண்டர் ஆகிறான், பிரபு ஆகிறான், பட்டத்தைச் சொல்லி அழைத்தால் கூசுகிறான். ஒரே புத்தகத்தில் இத்தனையும் நடந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். இருபத்திரண்டு வருஷம் எடுத்துக்கொண்டதால் நம்புகிறேன். மனிதர்கள் அவ்வளவு மெதுவாகத்தான் திருந்துகிறார்கள்.

அந்த மாற்றத்தின் உச்சம் 'தட்!' (2005) நாவல். மாலை ஆறு மணிக்கு வைம்ஸ் எங்கிருந்தாலும் வீட்டுக்கு வந்து மகனுக்குப் படக்கதை படித்துக் காட்ட வேண்டும். மாட்டைத் தொலைத்தவன் தேடிப்போகும் கதை. ஊரில் கலவரம் வெடிக்கப் போகிறது, ஆறு மணி நெருங்குகிறது, அவனுக்காக நகரத்துப் போக்குவரத்தையே நிறுத்துகிறார்கள். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், நல்ல காரணத்துக்காக ஒரு நாள் தவறினால் பிறகு கெட்ட காரணத்துக்காகவும் தவறுவாய் என்பது அவன் கணக்கு. பின்னால் ஓர் ஆதி இருட்டு அவன் மனதுக்குள் புகுந்து அவனைக் கொலைகாரனாக்கப் பார்க்கிறது. உள்ளே போனால் அங்கே ஒரு காவல்காரன் நிற்கிறான். வெளியே இருக்கும் இருட்டு உள்ளே வராமல் பார்ப்பது அவன் வேலையல்ல. உள்ளே இருப்பது வெளியே போய்விடாமல் காப்பதே அவன் வேலை.

காக்கி போட்டவரின் மகளாக இருப்பதில் ஒரு பயம் உண்டு, அதை வெளியில் சொல்ல மாட்டோம். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தகப்பனையும் மகனையும் அடித்த செய்தி வந்தது. இருவரும் இறந்துபோனார்கள். அப்பா அப்போது எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்) ஆகி ஓய்வு பெற்றிருந்தார். டிவியை அணைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனார். நான் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. அந்த வாரம் 'நைட் வாட்ச்' (2002) நாவலை மறுபடி எடுத்தேன்.

41-இல் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் வைத்துக்கொள்வது இதைத்தான். கொலைகாரன் ஒருவனைத் துரத்தும் வைம்ஸ் முப்பது வருஷம் பின்னால் போய் விழுகிறான். இளம் வைம்ஸுக்கு வேலை கற்றுத்தந்த சார்ஜென்ட் ஜான் கீல் கொல்லப்பட்டுவிட, கீலின் இடத்தில் இவனே நின்று தனக்குத் தானே ஆசானாகிறான். ஊரில் கொடுங்கோலாட்சி. கேபிள் தெருவில் ஒரு கட்டடம், அதற்குள் கொண்டுபோகப்பட்டவர்கள் சித்திரவதைப்படுகிறார்கள். இரவில் பிடிபட்டவர்களை வண்டியில் ஏற்றி அங்கே ஒப்படைப்பது காவலர்களின் வழக்கம். வைம்ஸ் வண்டியோடு வாசலில் நின்று, கைதிகளைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடச் சொல்கிறான். அவர்கள் போட மறுக்கிறார்கள். கையெழுத்து இல்லையென்றால் கைதியும் இல்லை என்று வண்டியைத் திருப்பிவிடுகிறான். வாளும் மந்திரமும் நிறைந்த உலகத்தில் ஒரு ரசீது உயிர்களைக் காப்பாற்றுகிறது. வேறெந்தக் கற்பனைக் கதையிலும் இப்படி ஒரு வீரத்தை நான் பார்த்ததில்லை.

அந்தக் கலகத்தில் இறந்தவர்களுக்காக, அன்று உடன் நின்றவர்கள் வருஷா வருஷம் மே 25 அன்று ஊதா நிற லைலாக் பூ அணிகிறார்கள். நிஜ உலகத்தில் ரசிகர்களும் அணிகிறார்கள். 2007 டிசம்பரில் பிராட்செட் தமக்கு அல்சைமர் நோய் என்று அறிவித்தார். மறு வருடம் அந்த நோய் பற்றிய ஆராய்ச்சிக்குப் 10 லட்சம் டாலர் கொடுத்தார். தட்டச்சு செய்ய முடியாமல் போனபிறகும் வாயால் சொல்லிச் சொல்லி நாவல் எழுதினார். 2015 மார்ச் 12 அன்று காலமானார். அதன்பின் மே 25-இன் பூ அவருக்கும் சேர்த்து ஆகிவிட்டது. மதுரையில் லைலாக்குக்கு எங்கே போவது? எங்கள் லைனில் புங்கமரம் இருந்தது. மே மாதத்தில் அதன் பூ வெளிறிய ஊதாவில் உதிர்ந்து கிடக்கும். அந்த நாளில் ஒரு கொத்து என் மேசையில் இருக்கும்.

இங்கிலாந்தின் வின்கான்டன் ஊர் 2002-இல் ஆங்க்-மோர்போர்க்கைத் தன் இரட்டை நகரமாக ஏற்றுக்கொண்டது. அங்கே புதிதாக எழுந்த குடியிருப்பில் ட்ரீக்கிள் மைன் ரோடு என்று நிஜமாகவே ஒரு தெரு உண்டு. ஜான் கீலின் காவல் நிலையம் இருக்கும் தெருவின் பெயர். ஒருநாள் அங்கே போக வேண்டும், நடந்து பார்க்க வேண்டும்.

முடிக்காத கதைகள் இருந்த கணினி வட்டை அவர் விருப்பப்படி 2017 ஆகஸ்டில் டார்செட் நீராவித் திருவிழாவில் ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினார்கள். இனி யாரும் புதிய டிஸ்க்வேர்ல்ட் நாவல் எழுதப்போவதில்லை என்பதை மகள் ரியானாவும் உறுதியாகச் சொல்லிவிட்டார். பல ரசிகர்களுக்கு அதில் வருத்தம். எனக்கு இல்லை. வைம்ஸின் பேச்சை இன்னொருவர் எழுதி நான் படிக்க விரும்பவில்லை. அவர் எழுதியதைப் பேசிக்கொண்டே இருந்தால் போதும். 'கோயிங் போஸ்டல்' நாவலில் இறந்த தந்திக்காரர்களின் பெயரைச் செய்திக் கோபுரங்கள் வழியே முடிவில்லாமல் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள், பெயர் சொல்லப்படும் வரை ஆள் சாவதில்லை என்று. அவர் போனபிறகு ரசிகர்கள் அதேபோல அவர் பெயரைத் தங்கள் இணையதளங்களின் கண்ணுக்குத் தெரியாத நிரலில் சேர்த்தார்கள். இந்தத் தளத்திலும் இருக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 1983-லிருந்து வரிசையாகப் போக வேண்டாம். 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' எடுங்கள். அங்கிருந்து வைம்ஸ் கூட்டிப்போவான்.

அப்பாவுக்கு ஆங்கில நாவல் படிக்க வராது. சென்ற மழைக்காலத்தில் சாயங்கால நடையின்போது 'நைட் வாட்ச்' கதையைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். ஆமையையும் யானையையும் கேட்டு "சரி, மேல சொல்லு" என்றார். கலவரம் வந்ததும் மற்ற நிலையங்கள் கதவைச் சாத்திக்கொள்ள, வைம்ஸ் மட்டும் விளக்கெல்லாம் ஏற்றச் சொல்லி, கதவைத் திறந்து வைத்து, கையில் ஆயுதம் இல்லாமல் கோகோ டம்ளரோடு வாசலில் நிற்கும் இடத்தை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். "அதான் பந்தோபஸ்து" என்றார்.

கேபிள் தெரு வந்தபோது நடையை நிறுத்திவிட்டார்.

"கையெழுத்து கேட்டானா?"

"ஆமாப்பா."

"போட மாட்டேன்னதும் வண்டியத் திருப்பிட்டானா?"

"திருப்பிட்டான்."

"ஜி.டி.யில எழுதுனானா பாப்பா? எழுதலைன்னா நாளைக்கு அவன் தலையில கட்டிருவாய்ங்க."

ஜி.டி. என்றால் நிலையத்தின் பொது நாட்குறிப்பு. எழுத்தில் பதிவதில் வைம்ஸ் கறாரானவன் என்றேன். அப்பாவுக்குத் திருப்தி. அதன் பிறகு, தான் நிலையத்தில் பதிவேடு எழுதும் ரைட்டராக இருந்த காலத்தில் ஒருநாள் ராத்திரி ஓர் ஆளைக் கணக்கில் காட்டாமல் உள்ளே வைக்கச் சொன்னதையும், பெயரை எழுதாமல் உள்ளே விட மாட்டேன் என்று தான் நின்றதையும், அடுத்த மாதமே மாறுதல் வந்ததையும் சொன்னார். அந்த மாறுதல் எங்களுக்கு நினைவிருக்கிறது. பள்ளிக்கூடம் மாறினோம். காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது 'தட்!' சொல்லிக்கொண்டிருக்கிறேன். போக்குவரத்தை நிறுத்தும் இடத்தில் அப்பாவுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. அத்தனை வண்டியையும் எந்த முக்கில் மடக்கித் திருப்பினார்கள், வரைபடம் இருக்கிறதா என்கிறார். ஆங்க்-மோர்போர்க்குக்கு அச்சிட்ட தெரு வரைபடமே உண்டு. ஆர்டர் போட்டிருக்கிறேன்.